கருப்புக் கட்டம்

பிரோதெட்ஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி லியூபெனுக்கு,

வீட்டில் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், அதுவே நலம்தான். டான்யூப் ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறது. என் முழங்கால் அதைவிடக் கெட்டியாகக் கிடக்கிறது. போர்ட்டோவில் விடாத மழை என்று செய்தியில் சொன்னார்கள். உன் இருமல் விட்டதா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மறுமுனையில் நீ என்று தெரிந்ததும் அப்பா சமையலறை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். அப்புறம் நான் கத்த வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர் வானொலியில் நேயர் விருப்பச் சீட்டு வாங்கும் சன்னலை நகராட்சி மூடிவிட்டது. அம்மா உட்கார்ந்திருந்த அதே சன்னல். அவள் போன பிறகு நான் உட்கார்ந்தேன். இப்போது பலகை அடித்துவிட்டு, என்னை உள்ளே ஒலிப்பதிவு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இனிப் பிறந்தநாளுக்கோ கல்யாணத்துக்கோ பாட்டு வேண்டுமென்றால் வெப்சைட்டில்தான் கேட்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு படிவத்தை எடுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கேள்வியே 'நிறுவனத்தின் பெயர்'. கடைசியில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். பக்கத்து வீட்டு வல்ச்சோ மாமா பேத்திக்குப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர், நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் 'பென்ஷன்' என்று எழுதினார். உடனே அவருக்கு மெயில் வந்தது: 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.' மனுஷன் நேரே என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "பதில் அனுப்பாதன்னா என்ன அர்த்தம்? நான் என்ன திட்டியா எழுதப்போறேன்? உங்கம்மா ஒருநாளாவது இப்படிப் பேசியிருப்பாளா?"

நீ அங்கே ஊரில் இருக்கிற பல் டாக்டருக்கெல்லாம் வெப்சைட்டில் படிவம் அலங்கரித்துத் தருகிறவன். சொந்த ஊருக்கும் ஒன்று செய்து கொடு. கூலியாகச் சுட்ட மிளகாய் விழுது இரண்டு ஜாடி அனுப்புகிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா
ஜிவ்கா


போர்ட்டோ
பிப்ரவரி 18

அன்புள்ள அக்கா,

இருமல் குறைந்துவிட்டது, மழைதான் குறையவில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது வழக்கம்போல் மற்றவர்களுக்கு மட்டும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறாயா?

படிவத்தைப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரைத் தூக்கியாயிற்று. அம்மாவின் சீட்டில் என்ன இருந்ததோ அதையே வைக்கிறேன்: யாரிடமிருந்து, யாருக்கு, எதற்காக, என்ன பாட்டு. அந்தச் சீட்டு இளநீலமாக இருக்கும், நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் கத்தரியால் வெட்டித் தருவேன். ஓரம் கோணலாக இருந்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், கோணல் சீட்டை மேயருக்கு என்று எடுத்து வைப்பாள். அந்த நீலத்தைப் படிவத்தின் பின்னணிக்குக் கொண்டுவர ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்தேன். திரையில் எத்தனை நீலம் போட்டாலும் அது வரவில்லை.

'சமர்ப்பி' போய்விட்டது. சீட்டை வாங்கியதும் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொல்வாளே, "எழுதிக்கிட்டேன். வீட்டுக்குப் போங்க, கேக்கும்." பொத்தானை அழுத்தினால் இனி அந்த வார்த்தைதான் வரும். மெயிலின் கடைசியிலும் அதுதான். மெயில் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று எழுது.

போன மாதம் அம்மாவின் நான்காம் வருட நினைவஞ்சலியை ஊர்க் கம்பங்களில் ஒட்டியிருப்பீர்கள். 'கண்ணீருடன்' என்று போட்டு யார் யார் பெயர்? அடக்கத்துக்கு மறுநாள்தான் நான் வந்து சேர்ந்தேன், உண்மைதான். பனியில் விமானம் இறங்கவில்லை என்றால் நான் குதித்தா வர முடியும்? அதற்குள் தெருவெல்லாம் அம்மாவின் அஞ்சலித் தாள், ஒன்றிலும் என் பெயர் இல்லை. "வந்தவங்க பேரத்தான் போடுவேன்" என்று அப்பா சொன்னார். நம் வாசல் கேட்டில் ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். அஞ்சலித் தாளைக் காற்றும் மழையும்தான் கிழிக்கலாம், மனிதன் கை வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அதற்காக நான்கு வருஷமா அக்கா? எனக்கு அவர் குரல் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

அன்புடன்
லியூபென்


பிரோதெட்ஸ்
மார்ச் 1

அன்புள்ள தம்பி,

இன்று மார்ச் பிறந்துவிட்டது. தபாலில் உனக்குச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு அனுப்பியிருக்கிறேன். மணிக்கட்டில் கட்டிக்கொள், பூத்த மரத்தைப் பார்க்கும் வரை அவிழ்க்காதே. போன வருஷம் மாதிரி சாவிக் கொத்தில் கட்டிப் படம் எடுத்து அனுப்பி என்னை ஏமாற்றாதே. உனக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கயிறு, சாவிக்கு இல்லை.

படிவம் அழகாக இருக்கிறது. நீலம் அந்த நீலம் இல்லைதான். ஆனால் அந்த நீலத்தை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இங்கேயே நாலு பேர்தான்.

ஒரு குறை. பெட்டிக்குள் வெளிறிய எழுத்தில் 'உதாரணம்: இவான்கா பாட்டிக்கு' என்று போட்டிருக்கிறாய். சோதித்துப் பார்க்க அலுவலகத்தில் உட்கார வைத்தேன், வல்ச்சோ மாமா அதைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே யாரோ எழுதிட்டு இருக்காங்க, முடிக்கட்டும்" என்று எழுந்து வெளியே போய்க் காத்திருந்தார். அதை எடுத்துவிடு.

மெயில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். பெயர் பெரிதாக இருக்கட்டும். அலுவலகத்தில் சோனா இருக்கிறாளே, மறுநாள் ஒலிபரப்பாகும் வாழ்த்துகளை எல்லாம் அவள்தான் வெளிப்பலகையில் ஒட்டுகிறாள், யாருக்கு எப்போது பாட்டு என்று ஊர் தெரிந்துகொள்ள. முன்பு சீட்டை ஒட்டினாள், இனி மெயிலை அச்செடுத்து ஒட்டுவாள். அவளுக்குக் கண்ணாடி எப்போதும் வீட்டில்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி செய்.

ஜாடி அனுப்பிவிட்டேன். மூடி இறுகியிருந்தால் வெந்நீரில் வை.

ஜிவ்கா


போர்ட்டோ
மார்ச் 22

அன்புள்ள அக்கா,

கயிறு வந்தது, மணிக்கட்டில்தான் இருக்கிறது. ஜாடியில் ஒன்று வழியிலேயே உடைந்துவிட்டது. தபால்காரர் பையை நீட்டிய விதத்தைப் பார்த்தால் நான் ஏதோ கொலை செய்தேன் என்று நினைத்திருப்பார். மற்றதை ரொட்டியில் தடவி நின்றுகொண்டே தின்று தீர்த்தேன். சுகமாக இருக்கிறேன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மெயிலை நானே வரைந்துவிட்டேன். வெள்ளைத் தாள் மாதிரி பின்னணி, சுற்றிலும் மெல்லிய கருப்புக் கட்டம், மேல் மூலையில் சின்னதாக ஓர் இலைக்கொத்து. நடுவில், பாட்டு யாருக்கோ அவருடைய முழுப் பெயர், கனமான எழுத்தில். பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள், கேட்ட நாள், ஒரு கோடு, ஒலிபரப்பும் நாள். அதற்கும் கீழே வாழ்த்தும், அனுப்பியவர் பெயரும். இங்கே நல்ல உணவகங்கள் எல்லாம் இப்போது இந்த மாதிரிதான் கேட்கின்றன. கருப்புக் கட்டம் போட்டால் எதற்குமே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. சோனா கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

வருகிற ஒவ்வொரு விருப்பத்துக்கும் எனக்கும் ஒரு நகல் வரும்படி வைத்திருக்கிறேன், ஏதாவது பழுதென்றால் தெரிவதற்கு.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று மறுபடியும் கேட்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார்? ஏதாவது கேட்டாரா?

லியூபென்


பிரோதெட்ஸ்
ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி,

முழங்கால் பரவாயில்லை. ஈஸ்டர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, முட்டைக்குச் சாயம் போட்டதில் விரலெல்லாம் சிவப்பு. பண்டிகை முடிந்ததும் படிவத்தைத் திறக்கிறோம். அதற்கு முன்னால் நீயே சோதனைக்கு ஒரு வாழ்த்து அனுப்பிப் பார். யாருக்கு வேண்டுமானாலும் எழுது, சோதனைதானே.

அவசரமாக,
ஜிவ்கா


போர்ட்டோ
ஏப்ரல் 15

அக்கா,

நலம். சோதனை வாழ்த்து இன்று அனுப்பிவிட்டேன். வந்ததா என்று மட்டும் சொல்.

எத்தனை முறைதான் கேட்பது? வல்ச்சோ மாமா வெளியே போய்க் காத்திருந்தது வரை எழுதுகிறாய். அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுத உன் பேனாவுக்கு என்ன கேடு?

லியூபென்


பிரோதெட்ஸ்
ஏப்ரல் 28

அன்புள்ள தம்பி,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை வெறும் நலச்செய்தியாக எழுதவில்லை, காரணத்தோடுதான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் சோதனை வாழ்த்து வந்தது. சோனா காலையில் அச்செடுத்து, கண்ணாடி இல்லாமல் பலகையில் ஒட்டிவிட்டு ரொட்டி வாங்கப் போய்விட்டாள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சுற்றிலும் கருப்புக் கட்டம். மூலையில் இலைக்கொத்து. நடுவில் பெரிய எழுத்தில் 'ஸ்டாமென் டியுல்கெரோவ்'. அதற்குக் கீழே இரண்டு தேதி, நடுவில் கோடு. அதற்குக் கீழே, 'என்றும் உங்கள் நினைவாகவே இருக்கிறேன் அப்பா. லியூபென்'.

வெளிநாடு போய்ப் பதினோரு வருஷத்தில், நம் ஊரில் கருப்புக் கட்டத்துக்குள் பெயர் வந்தால் என்ன அர்த்தம் என்பதையே மறந்துவிட்டாயா? ஊரில் ஒவ்வொரு கம்பத்திலும் ஒவ்வொரு கேட்டிலும் அதைத்தானே ஒட்டி வைத்திருக்கிறோம்.

பத்து மணிக்குள் செய்தி துறைமுகம் வரை போய்விட்டது. நான் ஒலிப்பதிவு அறைக்குள் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டு வாசலில் முதலில் வல்ச்சோ மாமா, கையில் இரட்டைப் பூ, இறந்தவருக்குக் கொடுக்கிற கணக்கில். அவருக்குப் பின்னால், செத்தவர் பெயரில் பங்கிட்டுத் தின்கிற சர்க்கரை தூவிய அவித்த கோதுமையோடு மாமி. அவர்களுக்குப் பின்னால் அப்பாவோடு கிரேன் ஓட்டிய துறைமுகத்து ஆட்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. கேட்டைத் திறந்தது அப்பா.

வல்ச்சோ மாமா பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாராம். "ஸ்டாமென், நீ உள்ள படுத்திருக்கணுமே."

"நான் படுத்தா உங்களுக்கு யாருடா ஊத்திக் குடுக்கிறது?" என்று கேட்டு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். கோதுமையை வாங்கித் தானும் தின்றார். பிளம் சாராயத்தை எடுத்து ஊற்றினார். செத்தவருக்காகக் குடித்தால் கிளாஸை மோத மாட்டோம் இல்லையா, இவர் வேண்டுமென்றே ஒவ்வொரு கிளாஸிலும் போய் மோதினாராம்.

யார் இதை ஒட்டியது என்று பார்க்க அவர்களோடேயே பலகை வரை நடந்து வந்தார். அதற்குள் நானும் வெளியே வந்துவிட்டேன். சோனா அழுதுகொண்டே தாளைப் பிடித்து இழுக்கப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"விடு. கிழிக்காத."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அங்கேயே நின்று அந்தத் தாளை மேலிருந்து கீழே வரை படித்தார். கீழே இருந்த பெயரையும் படித்தார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

தயவுசெய்து அந்தக் கட்டத்தை எடு. ஏதாவது வேண்டும் என்றால் மார்ச் மாதக் கயிறு மாதிரி சிவப்பும் வெள்ளையும் போடு. உன் வேலை போகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன், இந்த லட்சணத்தில் அங்கே உன்னை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஜிவ்கா


போர்ட்டோ
ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் அப்படித்தான்.

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நீ எழுதிய ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டிருந்தாய். மறந்துதான் போயிருக்கிறேன் அக்கா. அந்தக் கட்டத்தை வரையும்போது அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன். அம்மாவின் தாளைக் கையால் கிழித்தவனுக்கே அது எப்படி இருக்கும் என்று மறந்துபோனால், வேறு எதெல்லாம் மறந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது. சன்னலில் அம்மாவின் வலப்பக்கம் இருந்தது மணியா, பூந்தொட்டியா என்று நேற்று யோசித்தேன். தெரியவில்லை.

கட்டத்தை மாற்றிவிட்டேன். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு, மூலையில் சின்ன முடிச்சு. தேதிகளைத் தனித்தனி வரியில் போட்டுவிட்டேன். சோனாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அந்த வாழ்த்தைச் சோதனைக்குத்தான் எழுதினேன். ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்ததால்தான் அப்படி எழுத முடிந்தது.

லியூபென்


பிரோதெட்ஸ்
ஜூலை 2

அன்புள்ள தம்பி,

வெயில் வந்ததும் முழங்கால் குதிக்கச் சொல்கிறது. அம்மாவின் வலப்பக்கம் இருந்தது மணி. பூந்தொட்டியை நீ பந்தடித்து உடைத்தாய். அதற்கு முன்னால் அது இடப்பக்கம் இருந்தது.

நீ திரும்பத் திரும்பக் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்கவில்லை. 'இல்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் வல்ச்சோ மாமாவைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன். நான்காம் வருடத் தாளிலும் உன் பெயர் இல்லை. நான் போடச் சொன்னேன், அவர் எழுந்து போய்விட்டார்.

இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பலகைத் தாளை எவரையும் தொடவிடவில்லை. மழை வரும் போல் இருந்த ஒருநாள் வெந்நீரும் துணியும் எடுத்துப் போய், ஓரத்தை நனைத்து நனைத்துக் கிழியாமல் உரித்து எடுத்து வந்தார். சமையலறையில் ரேடியோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். "எதுக்குப்பா அது?" என்று கேட்டேன். "காகிதம் நல்லாருக்கு" என்றார். சோனா வாங்குவதிலேயே மட்டமான காகிதம் அது.

நன்றாகச் சாப்பிடு.

ஜிவ்கா


போர்ட்டோ
அக்டோபர் 19

அன்புள்ள அக்கா,

நீயும் நலம், படிவமும் நலம் என்று எனக்கு வருகிற நகல்களே சொல்கின்றன. பிறந்தநாள், பெயர்நாள் வாழ்த்துகள் குவிகின்றன. வல்ச்சோ மாமா வாரம் ஒரு பேத்திக்குப் பாட்டுக் கேட்கிறார். அவருக்கு எத்தனை பேத்திகள்?

ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு வீட்டில் எதுவும் சொல்லாதே.

செப்டம்பரில் ஒரு சீட்டு வந்தது. 'யாரிடமிருந்து' என்ற இடத்தில் ஒரு புள்ளி. அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது என்று நான்தான் வைத்திருக்கிறேன், அதனால் புள்ளி. 'யாருக்கு' என்ற இடத்திலும் புள்ளி. பாட்டு: கிளாரினெட் இருக்கிறது ஏதாவது. வாழ்த்து: 'எழுத்து பொடிசா இருக்கு. கண்ணு தெரியல.'

யாரோ வயதானவர் என்று நினைத்து எழுத்தைப் பெரிதாக்கினேன். மறுநாள் இன்னொரு புள்ளி: 'இப்ப பரவால்ல. பொட்டி பத்தல.' பெட்டியை அகலமாக்கினேன். அடுத்து: 'பொத்தான் எதுக்கு பச்சை? துறைமுகத்துல பச்சைன்னா இறக்கு, சிவப்புன்னா நிறுத்து. இது ஏத்துறதா இறக்குறதா?' அதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் அக்கா. அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொத்தானை மஞ்சளாக்கிவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஏற்றுவது' என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: 'சரி.'

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்று வருகிறது. பெயர் கிடையாது, அன்பு கிடையாது, வெறும் குற்றம்தான். ஒவ்வொன்றையும் வந்த அன்றே சரி செய்கிறேன். எந்த முதலாளி கேட்டும் இவ்வளவு வேகமாக நான் வேலை பார்த்ததில்லை. ஒருமுறை வேண்டுமென்றே ஓர் ஓரத்தைக் கோணலாக விட்டுப் பார்த்தேன். அடுத்த நாளே வந்துவிட்டது: 'வலது ஓரம் கோணல். இதை மேயருக்குக் குடு.'

போன வாரம் வந்தது இது: 'கயிறு பொண்டுகளுக்கு சரி. முன்ன ஒரு கருப்புக் கட்டம் இருந்துச்சே, அது எங்க?'

அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அவருக்கு இதையெல்லாம் எழுதத் தெரியுமா? யார் சொல்லிக் கொடுத்தது?

லியூபென்


பிரோதெட்ஸ்
ஜனவரி 17

அன்புள்ள தம்பி,

புது வருஷத்தில் இதுதான் முதல் கடிதம், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். தபால் வந்து சேர நாளாகும் என்று இதை மட்டும் மெயிலில் அனுப்புகிறேன். டான்யூப் ஓரத்தில் உறைய ஆரம்பித்திருக்கிறது.

அக்டோபர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எதையாவது எழுதி, அது எப்படியோ அவர் காதுக்குப் போய், புள்ளி வருவது நின்றுவிடுமோ என்று பயம். இப்போது எழுதலாம். சொல்லிக் கொடுத்தது சோனாதான். கட்டத் தாள் விஷயத்தில் அவளுக்கு அப்பாவிடம் கடன்பட்ட மாதிரி ஒரு நினைப்பு. செவ்வாய்க்கிழமைகளில் அவர் அலுவலகத்துக்கு வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுகிறார். எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போவதில்லை.

நேற்று அப்பாவும் நானும் அம்மாவின் ஐந்தாம் வருட நினைவஞ்சலி அச்சடிக்கப் போனோம். வழக்கமாக அச்சகக்காரரிடம் போன வருஷத் தாளையே கொடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றச் சொல்வார். இந்த முறை கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். ரேடியோவுக்குப் பின்னால் இருந்தது. உன்னுடையது.

"இதே மாதிரி வேணும். இதே கட்டம், இதே இலை. என் பேரு இருக்கிற இடத்துல ஸ்லாவ்கா."

அச்சகக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்காங்களே, யாரு?"

"போர்ட்டோவுல ஒருத்தன். சொன்னா உடனே செய்வான்."

"கண்ணீருடன்னு போட்டு யாரு பேரெல்லாம் போடட்டும்?"

"ஸ்டாமென், ஜிவ்கா." தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "லியூபென்" என்றார்.

அச்சகக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா. "வந்தவங்க பேரத்தானே போடுவீங்க ஸ்டாமென்? பையன் வந்திருக்கானா?"

"வர்றவன் பேரையும் போடலாம்."

தம்பி, ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து உன் பெயரை நான் கேட்டது அப்போதுதான். வெளியே வந்து பனியில் நின்று அழுதேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி பசைக்கு மாவு வாங்கப் போய்விட்டார்.

இன்று காலை இருவருமாக ஒட்டி முடித்தோம். பேருந்து நிறுத்தம், ரொட்டிக் கடை, துறைமுக வாசல், வானொலிப் பலகை. கடைசியாக ஒன்று மிஞ்சியது. வீட்டு கேட்டுக்கு என்று பசையைத் தடவப் போனேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கேட்ல ஒட்ட வேணாம். கிழிச்சவன் வந்து ஒட்டட்டும்."

"இதை அவனுக்கு எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நம் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அதையும் நீ மறந்திருப்பாயோ என்று பயந்து எழுதுகிறேன்.

தாள் சமையலறையில் ரேடியோவுக்குப் பின்னால் இருக்கிறது.

உன் அக்கா
ஜிவ்கா


நேயர் விருப்பம்: புதிய சீட்டு
ஜனவரி 18

யாரிடமிருந்து: லியூபென் ஸ்டாமெனோவ் டியுல்கெரோவ்

யாருக்கு: அப்பாவுக்கு

எதற்காக: கேட்டில் ஒட்டுவதற்காக

என்ன பாட்டு: கிளாரினெட் இருக்கிறது ஏதாவது

வாழ்த்து: அம்மாவின் நாளுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் பனி கொட்டும் என்கிறார்கள். அதனால் இன்றே கிளம்புகிறேன். விமானம் இறங்காவிட்டால் ரயில், ரயில் நின்றால் நடை. பசை கலக்க வேண்டாம் அப்பா, நான் வந்து கலக்கிறேன். கோணலாக ஒட்டினால் திட்டுங்கள். இது சோதனை இல்லை.


(அனுப்பியவருக்குத் தானாகப் போகும் பதில்)

எழுதிக்கிட்டேன். வீட்டுக்குப் போங்க, கேக்கும்.